மலைவீட்டில் வேனுக்கு ஷெட் போடப் போறீங்களா? சதுர அடி ரேட்டை நம்பி பட்ஜெட் போடாதீங்க!



போன மாசம் சேனல்ல வண்டிக் கடன் பத்தி ஒரு வீடியோ போட்டிருந்தோம். அதுக்கு அப்புறம் கொடைக்கானல் பக்கத்துல இருந்து ஒருத்தர் கேட்ட கேள்வி இது: "டெம்போ டிராவலர் வாங்கி கேரவனா மாத்தியிருக்கேன். வீட்டுப் பக்கத்துல இடம் இருக்கு. இரும்பு ஷெட் போட சதுர அடிக்கு 350 ரூபாய் சொல்றாங்க. பர்சனல் லோன் எடுத்துப் போடலாமா?"

இந்தக் கேள்வியை என்னால சும்மா கடந்து போக முடியல. காரணம், இதே கணக்கைப் போட்டுத்தான் என் சித்தப்பா ஒரு ஷெட் கட்டினார். அந்த ஷெட் இப்ப இல்ல. ஆனா ஷெட் போன பிறகும் 22 மாசம் அதுக்கு இ.எம்.ஐ. கட்டினார்.

அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கலாம். கடைசியில உங்க கணக்கை நீங்களே போட்டுப் பார்க்குற மாதிரி படிப்படியா சொல்றேன்.

1. இல்லாத ஷெட்டுக்கு இ.எம்.ஐ.

சித்தப்பா வீடு பண்ணைக்காடு பக்கம். டூரிஸ்ட் வேன் ஓட்டுறார். 2021 மே மாசம் வீட்டுக்குப் பக்கவாட்டுல 30-க்கு 15 அடி, அதாவது 450 சதுர அடியில ஷெட் போட்டார். ரேட் 350. மொத்தம் 1,57,500 ரூபாய். அதுல 1,50,000 ரூபாய் பர்சனல் லோன், 14% வட்டி, 36 மாசம். மாசத் தவணை 5,127 ரூபாய்.

வேலை ஒரே வாரத்துல முடிஞ்சுது. தரையில பழைய சிமெண்ட் தளம் இருந்துச்சு. அதுலயே ஓட்டை போட்டு போல்ட் அடிச்சு, கால்களை நிறுத்திட்டாங்க. புதுசா குழி தோண்டல. பிளான் போடல. யார்கிட்டயும் அனுமதி கேட்கல. "ஷெட்டுக்கு எதுக்குங்க அனுமதி?" என்பதுதான் எல்லாரும் சொன்ன பதில்.

2022 ஆடிக் காத்துல ஒரு ராத்திரி, கூரை போல்ட்டோட பிடுங்கிட்டு மேல போயிடுச்சு. ஷீட் எல்லாம் பக்கத்துத் தோட்டத்து காபிச் செடி மேல போய் விழுந்துச்சு. ஒரு கால் சாய்ஞ்சு வேன் முன்கண்ணாடி உடைஞ்சுது. வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் இருந்ததால கண்ணாடி செலவு வந்துடுச்சு. ஷெட்டுக்கு ஒரு ரூபாய் வரல. அப்ப வரைக்கும் அவர் கட்டியிருந்தது 14 தவணை. மீதி 22 தவணை, அதாவது 1,12,794 ரூபாய், இல்லாத ஷெட்டுக்காகக் கட்டினார்.

இதுல ஷெட் போட்டவங்களை மட்டும் குறை சொல்லி பிரயோஜனம் இல்ல. நாங்க கேட்டது "சதுர அடிக்கு எவ்வளவு?" என்ற ஒரே ஒரு கேள்விதான். அதுக்கு அவங்க பதில் சொன்னாங்க. தப்பு கேள்வியில இருந்துச்சு.

2. சமவெளி வீடியோவைப் பார்த்து மலையில கட்டாதீங்க

வெளிநாட்டுல பெரிய வீட்டு வண்டியை ஆர்.வி.-ன்னு சொல்லுவாங்க. அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலங்கள்ல சாலையில போற வண்டியோட உயர வரம்பு 13 அடி 6 அங்குலம். அதனால அங்க ஆர்.வி. ஷெட்டுக்கு 14 அடி கதவு சகஜம். மொத்த ஷெட்டும் பெட்டியில கிட் மாதிரி வரும். சமதளத்துல நிறுத்தி போல்ட் போடுவாங்க. வீடியோவுல பார்க்க அவ்வளவு ஈஸியா இருக்கும்.

பழனி மலையில நிலைமை வேற. இங்க இடமே சரிவு. கொடைக்கானல் ஊர் கடல் மட்டத்துல இருந்து 2,100 மீட்டருக்கு மேல இருக்கு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கும் மேற்குக் காத்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16-ல கஜா புயல் கரையேறி இந்தப் பக்கமா வந்தப்ப மலையில மரங்கள் சாய்ஞ்சதும், மண் சரிஞ்சதும் இங்க இருக்குறவங்களுக்கு மறந்திருக்காது. இது போக மூடுபனி, டிசம்பர்–ஜனவரி உறைபனி, ராத்திரி வாசல்ல வந்து நிக்குற காட்டுமாடு.

அதனால இங்க ஷெட்டோட செலவு ஷீட்ல இல்ல. மண்ணுல, தண்ணியில, காத்துல இருக்கு. இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றதே அவ்வளவுதான்: மலையில ஷெட்டுக்கு பட்ஜெட் கூரையில இருந்து கீழ வரக் கூடாது, தரையில இருந்து மேல போகணும்.

3. முதல் செலவு: காகிதம்

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, இது தப்பாப் போனா மத்த எல்லாப் பணமும் போயிடும்.

தமிழ்நாட்டுல மலைப்பகுதிக் கிராமங்கள்ல கட்டுமானத்தைக் கண்காணிக்க மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990-ல இருந்து இருக்கு. கொடைக்கானல் தாலுகா கிராமங்கள் இதுக்குக் கீழ வருது. இடத்தைப் பொறுத்து வனத்துறை, வேளாண்மைப் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றோட தடையில்லாச் சான்று கேட்கப்படலாம். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-ல அறிவிக்கப்பட்டது. உங்க நிலம் காட்டு எல்லையை ஒட்டி இருந்தா இதையும் கவனிக்கணும்.

"இதெல்லாம் ஹோட்டல் கட்டுறவங்களுக்குத்தானே"ன்னு நினைக்காதீங்க. 2019-ல உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து கொடைக்கானல்ல அனுமதி இல்லாத கட்டடங்களுக்கு சீல் வைச்சதை எல்லாரும் பார்த்தோம். ஒரு வேன் ஷெட்டுக்கு அனுமதி வேணுமா வேண்டாமா என்பதை ஃபேப்ரிகேட்டர் முடிவு பண்ண முடியாது. உங்க நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகம்தான் சொல்லணும். வாய்வார்த்தையா வேண்டாம், எழுத்துல கேளுங்க.

போகும்போது எடுத்துட்டுப் போக வேண்டியவை:

- பட்டா, எஃப்.எம்.பி. வரைபடம், வில்லங்கச் சான்று
- ஷெட் வர்ற இடம், அளவு, எல்லையில இருந்து தூரம் காட்டுற ஒரு பிளான்
- எவ்வளவு மண் வெட்டப் போறீங்க என்ற விவரம்

கடைசிப் புள்ளி ரொம்ப முக்கியம். கொடைக்கானல் மலையில மண் அள்ளும் பெரிய இயந்திரங்களை இஷ்டத்துக்கு இறக்க முடியாது. மாவட்ட நிர்வாகத்தோட அனுமதி வேணும். அனுமதி இல்லாம இயந்திரம் இறக்கி மாட்டினா ஷெட் செலவை விட அந்தத் தலைவலி பெருசு. ஆள் வைச்சு வெட்டினா கூலி வேற கணக்கு. ரெண்டுல எதுன்னு தெரியாம பட்ஜெட் போட முடியாது.

இன்னொரு விஷயம். இனிமேதான் பெரிய கேரவன் வாங்கணும்னு இருக்குறவங்க கவனிங்க. 2024 நவம்பர் 18 முதல் 12 மீட்டருக்கு மேல நீளமுள்ள பேருந்து, கனரக வண்டிகள் கொடைக்கானல் மலைச்சாலையில வர திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் தடை போட்டிருக்கு. வண்டியே மேல வர முடியலைன்னா ஷெட் எதுக்கு?

4. வண்டியை அளங்க, புத்தகத்தை நம்பாதீங்க

கம்பெனி சொல்ற உயரம் வெறும் வண்டியோட உயரம். மேல கேரியர், ஏ.சி. யூனிட், கேரவன்னா கூரை ஜன்னல், சோலார் பேனல் எல்லாம் சேர்த்து டேப் வைச்சு அளங்க. உதாரணத்துக்கு நீளம் 23 அடி, அகலம் 7 அடி, கேரியரோட உயரம் 10 அடின்னு வைச்சுக்குவோம்.

- நீளம்: முன்னாடி 3 அடி, பின்னாடி 3–4 அடி நடக்க இடம். மொத்தம் 30 அடி.
- அகலம்: ரெண்டு பக்கமும் கதவு திறந்து ஆள் இறங்கணும். ஒரு பக்கம் 4 அடி. மொத்தம் 15 அடி.
- உயரம்: கதவு திறப்பு 11 அடி, ஓரக் கூரை 12 அடி.

உயரத்துல ஒரு பொறி இருக்கு. மலைவீட்டுல ரோட்டுல இருந்து ஷெட்டுக்கு ஏத்தம் இருக்கும். முன்சக்கரம் ஷெட்டுக்குள்ள சமதளத்துல, பின்சக்கரம் இன்னும் ஏத்தத்துல இருக்கும்போது, வண்டியோட கூரை சாய்ஞ்சு நிக்கும். அப்ப ஒரு முனை நீங்க அளந்ததை விட மேல போகும். சமதளத்துல அளந்த 10 அடி வண்டி, 10 அடி 3 அங்குலக் கதவுல இடிக்குறது இப்படித்தான். அதோட வேனுக்குப் பின்பக்கம் நீளமா நீட்டிட்டு இருக்கும். ஏத்தம் செங்குத்தா இருந்தா பின் பம்பர் தரையில உரசும். 8 அடி ஓட்டத்துக்கு 1 அடிக்கு மேல ஏத்தம் வேண்டாம். ஏத்தம் முடியுற இடத்துல மூலை மாதிரி விடாம வளைச்சு முடிங்க.

காசு மிச்சம் பண்ண ஒரு வழி: கடையில இரும்பு பைப் பொதுவா 6 மீட்டர், அதாவது 20 அடி நீளத்துல வரும். 30 அடி நீளம்னா ஒன்றரை பைப். ரெண்டு வரிசைக்கு மூணு பைப், வெட்டி வீணாப் போறது இல்ல. அதே 32 அடின்னு வைச்சா துண்டு துண்டா மிஞ்சும். அளவை முடிவு பண்றதுக்கு முன்னாடி ஃபேப்ரிகேட்டர்கிட்ட "எங்க வேஸ்ட் குறையும்?"னு கேளுங்க.

5. காத்து: ஷெட் கீழ விழாது, மேல பறக்கும்

நம்மில் நிறைய பேர் "கூரை பாரம் தாங்குமா?"ன்னு தான் கேட்கிறோம். வீட்டுக்கு அது சரி. இரும்பு ஷெட்டுக்கு கேள்வியே தலைகீழ். அதைக் கீழ பிடிச்சு வைக்கிற பாரம் இருக்கா?

ஒரு கைக்கணக்கு போடுவோம். காத்து அழுத்தத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, மூணாம் பாகம். அதுல மதுரைக்கு அடிப்படைக் காத்து வேகம் நொடிக்கு 39 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர். மலைமுகட்டுலயும் சரிவுலயும் காத்து வேகம் கூடும் என்பதால அந்த வேகத்தை 1.36 மடங்கு வரைக்கும் கூட்டணும்னு அதே நூல் சொல்லுது. நாம நடுவுல 1.2 எடுத்துக்குவோம்.

- காத்து வேகம்: 39 × 1.2 = 46.8
- அழுத்தம்: வேகத்தோட வர்க்கம் × 0.6 = சதுர மீட்டருக்கு சுமார் 1,314 நியூட்டன், அதாவது 134 கிலோ
- கூரைப் பரப்பு: 450 சதுர அடி = சுமார் 42 சதுர மீட்டர்
- கூரையை மேல தூக்குற விசை: சுமார் 5,600 கிலோ

இப்ப ஷெட்டோட எடை பாருங்க. அரை மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு 5 கிலோ கூட வராது. கால், ட்ரஸ், பர்லின், சுத்துச் சுவர் ஷீட் எல்லாம் சேர்த்தாலும் இந்த அளவு ஷெட் 2 டன்னைச் சுத்தித்தான் வரும். தூக்குற விசை ஐந்தரை டன்னுக்கு மேல. பிடிக்கிற எடை 2 டன். மிச்சம் மூன்றரை டன்னை யார் பிடிக்கிறது? சித்தப்பா ஷெட்ல, 4 அங்குலப் பழைய தளத்துல அடிச்ச போல்ட். அதான் போச்சு.

தீர்வு விலை அதிகம் இல்ல. 8 காலுக்கும் இரண்டரை அடி நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி தோண்டி கான்கிரீட் போட்டா ஒவ்வொண்ணும் சுமார் 1,060 கிலோ. எட்டுக்கும் எட்டரை டன். ஷெட் எடையோட சேர்ந்து பத்தரை டன் ஆச்சு. கான்கிரீட் மூன்றரை கன மீட்டர். எம்-20 கலவைக்கு ஏறக்குறைய 28 மூட்டை சிமெண்ட். 28 மூட்டை சிமெண்ட்டை மிச்சம் பிடிச்சதுக்கு எவ்வளவு விலை கொடுத்தோம்னு யோசிச்சுப் பாருங்க.

இது கைக்கணக்குதான். கதவு திறந்திருக்கும்போது காத்து உள்ள புகுந்து கூரையை இன்னும் தள்ளும். பக்கவாட்டுத் தள்ளலும் இருக்கு. அதனால ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை இடத்துக்குக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. அவர்கிட்ட நாலு விஷயம் எழுதி வாங்குங்க: கடைக்கால் அளவு, ஆங்கர் போல்ட் விட்டமும் நீளமும், குறுக்குக் கம்பி எங்கெங்க வரணும், ஓரங்கள்ல ஸ்க்ரூ எவ்வளவு நெருக்கமா வேணும். கூரை பிடுங்குறது எப்பவும் ஓரத்துலயும் மூலையிலயும்தான் ஆரம்பிக்கும்.

6. மண்ணும் தண்ணியும்

சரிவுல சமதளம் எடுக்க எல்லாரும் பண்றது, மேல் பக்கம் வெட்டி அந்த மண்ணைக் கீழ் பக்கம் கொட்டுறது. பார்க்க மட்டமா இருக்கும். ஆனா ஷெட்டோட ஒரு வரிசைக் கால் வெட்டின கெட்டி மண்ணுல, இன்னொரு வரிசை கொட்டின மண்ணுல நிக்கும். ரெண்டு மழைக்காலம் போனா கொட்டின பக்கம் இறங்கும். ஷட்டர் இறுகும், தளம் வெடிக்கும். கீழ் வரிசைக் குழி, கொட்டின மண்ணைத் தாண்டி பழைய மண்ணைத் தொடுற வரைக்கும் போகணும். ஷெட்டையே வெட்டின பக்கமா ஒதுக்கி வைச்சா இன்னும் நல்லது. தடுப்புச் சுவர்ல தண்ணி வடியுற துளை இல்லைன்னா, மழைத் தண்ணி பின்னாடி தேங்கி சுவரையே தள்ளும்.

அடுத்தது கூரைத் தண்ணி. ஒரு நாள்ல 100 மில்லிமீட்டர் மழைன்னா 42 சதுர மீட்டர் கூரையில இருந்து 4,200 லிட்டர் தண்ணி விழும். அது தரையில நேரா விழுந்தா காலடி மண்ணைத்தான் அரிக்கும். ஓரத்துல தகர வாய்க்கால், அதுல இருந்து பைப், பைப்புல இருந்து தொட்டி, தொட்டி நிரம்பினா கல் பதிச்ச கால்வாய். தமிழ்நாட்டுல 2003-லயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிட்டாங்க. இங்க அது உங்க ஷெட்டோட உயிர். வண்டி கழுவத் தண்ணி கிடைக்கிறது கூடுதல் லாபம்.

மூணாவது, உள்ள சொட்டுற தண்ணி. ராத்திரிக் குளிர்ல ஷீட்டோட அடிப்பக்கம் வேர்த்துக் காலையில வண்டி மேல சொட்டும். "ஷெட்டுக்குள்ள நிறுத்தியும் வண்டி துருப்பிடிக்குது"ன்னு சொல்றவங்களுக்குக் காரணம் இதுதான். ஷீட்டுக்கு அடியில இன்சுலேஷன் படலம், மேல ரெண்டு முனையிலயும் காத்துப் போக வழி, ரெண்டும் வேணும். காத்தே வராம இறுக்கி மூடின ஷெட், திறந்தவெளியை விட மோசம். கேரவனுக்குள்ள மெத்தை, திரைச்சீலை எல்லாம் பூஞ்சை பிடிச்சிடும்.

ஷீட் வாங்கும்போது தடிமனை மட்டும் கேட்காதீங்க, பூச்சு எவ்வளவுன்னும் கேளுங்க. அலுமினியம்–துத்தநாகப் பூச்சுல ஏ.இசட். 150 என்றால் சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சு. பைப்ல வெல்டிங் வைச்ச இடத்துல எல்லாம் பூச்சு எரிஞ்சு போயிருக்கும். அங்க ஜிங்க் பிரைமர் அடிச்சாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க.

7. உண்மையான பட்ஜெட்

சித்தப்பா ரெண்டாவது தடவை கட்டறதுக்கு முன்னாடி நாங்க வாங்கின கொட்டேஷன் இது. அதே 450 சதுர அடி. அதே 350 ரேட்.

- பிளான், இன்ஜினியர், கட்டணங்கள்: ரூ. 30,000
- மட்டம் எடுத்தல், தடுப்புச் சுவர்: ரூ. 1,10,000
- 8 கடைக்கால், ஆங்கர் போல்ட்டோட: ரூ. 48,000
- தரைத் தளம்: ரூ. 45,000
- தரைக் கால்வாய்: ரூ. 12,000
- இரும்புச் சட்டம், ஷீட்: ரூ. 1,57,500
- அதுக்கு 18% ஜி.எஸ்.டி.: ரூ. 28,350
- ரோலிங் ஷட்டர்: ரூ. 48,000
- கூரை வாய்க்கால், பைப், தொட்டி: ரூ. 20,000
- வயரிங், எர்த்திங்: ரூ. 12,000
- மலை ஏத்தும் லாரி வாடகை: ரூ. 18,000

மொத்தம்: ரூ. 5,28,850

எதிர்பாராத செலவுக்கு 10% சேர்த்தா ரூ. 5,81,735. சதுர அடிக்கு 350 இல்ல, 1,293 ரூபாய். முதல்ல நினைச்சதை விட மூன்றரை மடங்குக்கு மேல. உங்க இடம் சமதளமா இருந்தா இது குறையும். பாறை வந்தா ஏறும். எண் உங்களுக்கு மாறும், ஆனா பட்டியல் மாறாது. "ஜி.எஸ்.டி. தனி", "லாரி வாடகை தனி", "சிவில் வேலை பார்ட்டி பொறுப்பு" என்று கொட்டேஷன் அடியில சின்ன எழுத்துல இருக்கும் வரிகளைப் படிங்க. மலையில ஏறக்குறைய பாதிச் செலவு அந்த மூணு வரிக்குள்ள இருக்கு.

8. கட்டணுமா, வேண்டாமா?

இப்பதான் நம்ம சேனல் கேள்விக்கு வர்றோம். 5.82 லட்சம் போட்ட ஷெட், வருஷத்துக்கு உங்களுக்கு என்ன செலவு வைக்குது?

- அந்தப் பணம் எஃப்.டி.யில 7%-க்கு இருந்திருந்தா வந்திருக்கும் வட்டி: ரூ. 40,721
- 20 வருஷ ஆயுள்னு வைச்சா வருஷத் தேய்மானம்: ரூ. 29,087
- பெயிண்ட், ஸ்க்ரூ, பராமரிப்பு: ரூ. 10,000

ஆக வருஷத்துக்கு சுமார் 80,000 ரூபாய். ஷெட் இல்லைன்னா ஆகுற செலவு இதை விடக் கூடவா, குறைவா?

சித்தப்பாவுக்கு: வெளியில வண்டி நிறுத்த மாசம் 2,500, வருஷத்துக்கு 30,000. தார்ப்பாய் உறை 10,000. மழையில நின்னதால வந்த துரு, சீட், பெயிண்ட் வேலை ஒரு 25,000. மொத்தம் 65,000. ஷெட் கட்டினா வருஷத்துக்கு 15,000 நஷ்டம். "அதிகாலை 4 மணி டிரிப்புக்கு வாசல்ல வண்டி வேணும், ராத்திரி தூக்கம் வேணும்"னு சொன்னார். அந்த நிம்மதிக்கு வருஷம் 15,000 என்று தெரிஞ்சே முடிவு எடுத்தார். தெரிஞ்சு கொடுக்குற பணம் செலவு. தெரியாம போற பணம்தான் நஷ்டம்.

ஆனா வருஷத்துல 20 நாள் மட்டும் எடுக்குற சொந்த கேரவனா இருந்தா? என் பதில்: மலையில ஷெட் வேண்டாம். வத்தலக்குண்டு மாதிரி கீழ, ஈரம் குறைஞ்ச ஊர்ல மாச வாடகைக்கு மூடின இடம் பாருங்க. வருஷம் 30,000–40,000 ஆனாலும் லாபம்தான்.

9. லோனா, ரெண்டு கட்டமா?

5 லட்சத்தை 14%-க்கு 60 மாச பர்சனல் லோனா எடுத்தா மாசத் தவணை சுமார் 11,634. கடைசியில கட்டுற மொத்தம் கிட்டத்தட்ட 6.98 லட்சம். வட்டி மட்டும் 1.98 லட்சம். வருமானம் தராத ஒரு பொருளுக்கு இது அதிகம்.

சித்தப்பா இந்தத் தடவை லோன் எடுக்கல. ரெண்டா பிரிச்சோம்.

முதல் கட்டம் (2024 தொடக்கம்): பிளான், அனுமதி, தடுப்புச் சுவர், கடைக்கால், தளம், கால்வாய். 2,45,000 ரூபாய், சேமிப்புல இருந்து. ஆங்கர் போல்ட்டை கான்கிரீட்லயே பதிச்சு, கிரீஸ் தடவி, பைப் மூடி போட்டு விட்டாச்சு. ஒரு மழைக்காலம் முழுக்க வண்டி அந்தத் தளத்துல உறை போட்டு நின்னுச்சு. இதுல இன்னொரு நன்மை: தளம் இறங்குதா, தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு ஷெட் போடுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது. கால்வாயை ஒரு இடத்துல அகலப்படுத்தினோம்.

ரெண்டாம் கட்டம் (2025 பிப்ரவரி): சட்டம், ஷீட், ஷட்டர், மீதி எல்லாம் 2,83,850 ரூபாய். 13 மாசம், மாசம் சுமார் 21,800 ஆர்.டி. மாதிரி ஒதுக்கினது. சீசன் மாசத்துல கூட, மழை மாசத்துல குறைய. இதே தொகைக்கு 36 மாச லோன் எடுத்திருந்தா வட்டி 65,000-க்கு மேல போயிருக்கும்.

நேரம் முக்கியம். வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள்ள முடிங்க. ஏப்ரல்ல சீசன் ஆரம்பிச்சா மலைச்சாலை நெரிசல்ல சாமான் லாரி மாட்டும், கூலி ஏறும். ஜூன்ல காத்து வந்துடும். பாதி போட்ட கூரை, போடாத கூரையை விட ஆபத்து.

10. கடைசியா இன்சூரன்ஸ்

வண்டிக்கு மூணாம் நபர் பாலிசி மட்டும் இருந்தா புயல், நிலச்சரிவு சேதத்துக்கு ஒண்ணும் வராது. முழு பாலிசி இருந்தா வரும். வீட்டுக்கு, 2021 ஏப்ரல்ல இருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர்ற பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில கேரேஜ், தடுப்புச் சுவர், காம்பவுண்டு கூட கட்டடத்தோட பகுதியாச் சேரும். புயலும் நிலச்சரிவும் அதுல உண்டு. ஆனா காப்பீட்டுத் தொகை போடும்போது ஷெட் மதிப்பையும் சேர்த்துச் சொல்லணும். டூரிஸ்ட் வண்டி மாதிரி தொழில் உபயோகம்னா அதை மறைக்காம சொல்லி, எந்தப் பாலிசி பொருந்தும்னு கேளுங்க. தொழில் வண்டின்னா வருமான வரியில வீடு அல்லாத கட்டடத்துக்கு 10% தேய்மானம் உண்டு. உங்க கணக்குக்குப் பொருந்துமான்னு ஆடிட்டர்கிட்ட பேசுங்க.

சுருக்கமா, ஃபேப்ரிகேட்டருக்கு போன் போடுறதுக்கு முன்னாடி:

1. உள்ளாட்சி அலுவலகத்துல எழுத்துல பதில் வாங்கியாச்சா?
2. வண்டியைக் கேரியரோட, ஏத்தத்துல நிறுத்தி அளந்தாச்சா?
3. கடைக்கால் அளவு இன்ஜினியர் கையெழுத்தோட இருக்கா?
4. கூரைத் தண்ணி எங்க போகும்னு விரல் நீட்டிக் காட்ட முடியுமா?
5. வருஷச் செலவையும், ஷெட் இல்லாத செலவையும் பக்கத்துல பக்கத்துல எழுதியாச்சா?

அஞ்சுக்கும் "ஆமா" வந்தா கட்டுங்க, நிம்மதியா இருங்க. ஒண்ணுக்காவது "இல்ல"ன்னு வந்தா, அந்தப் பணம் இன்னும் கொஞ்ச நாள் பேங்க்ல இருக்கட்டும். ஷீட் விலை எங்கயும் ஓடிப் போகாது. பிடிக்காத கூரைதான் ஓடிப் போகும்.

அடுத்த வீடியோவுல சித்தப்பா ஷெட்டுக்கே போய், அந்த எட்டுக் குழியும் கால்வாயும் எப்படி இருக்குன்னு காட்டுறேன். அது வரைக்கும் உங்க கணக்கைப் பேப்பர்ல போட்டு வைங்க.